ஒரே நேரம், ஒரே இடம்

முதல் நாவலைத் தொடங்குவோர் பலர். எழுதி முடிப்போர் சிலர். இடையில் நின்றுவிட்டவர்களைக் கேட்டால், ‘நேரம் வாய்க்கவில்லை’ என்பர். அல்லது ‘மனம் கூடிவரவில்லை’ என்பர். இவ்விரு விடைகளையும் உரசிப் பார்க்க நல்லதோர் உரைகல் இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் (1925–1964) எழுதிய ‘வைஸ் பிளட்’ என்னும் முதல் நாவலே அது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையில் மாணவியாக இருந்தபோது, 1946ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்நாவலைத் தொடங்கினார். நூல் வெளிவந்தது 1952ஆம் ஆண்டு மே மாதத்தில். ஓரிரு நாள்களில் வாசித்து முடித்துவிடக்கூடிய சிறிய நாவல்தான். எழுதியவருக்கோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அயோவாவில் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்த செபங்கள் 2013இல் நூலாக வெளிவந்தன. நல்ல எழுத்தாளர் ஆகவேண்டும் என்ற ஏக்கமும், சராசரியாகவே நின்றுவிடுவோமோ என்ற அச்சமும் அவற்றில் மாறி மாறி ஒலிக்கின்றன. இருபத்தொரு வயதில் எழுத வந்தவர் எவரும் அறிந்த அச்சம்தான் அது. அதனை அவர் எதிர்கொண்ட விதமே நாம் கருதவேண்டியது.

1949 செப்டம்பர் முதல் 1950 டிசம்பர் வரை, கனெக்டிகட் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டில் ராபர்ட், சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட் தம்பதியரின் இல்லத்தில், கார்க் கொட்டகையின் மேலிருந்த அறையில் அவர் தங்கினார். காலையில் திருப்பலி, அதன்பின் நண்பகல் வரை எழுத்து, உணவுக்குப் பிறகு அன்னைக்கு எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்க்க ஒரு நடை, பிற்பகலில் சிறிது நேரம் அவ்வீட்டுக் குழந்தைகளைக் கவனித்தல். ஏறத்தாழ ஒரு துறவு மடத்தின் நாள் ஒழுங்கு போன்றது இது.

இந்த ஒழுங்கு நாவலுக்கு என்ன தந்தது? வேகத்தைத் தந்தது என்று சொல்வதற்கில்லை. எழுதுவதும் கிழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாகவே நாள்கள் கழிந்தன. ஆனால் 1950ஆம் ஆண்டுக் கோடையில் ஒன்று நிகழ்ந்தது. கிரேக்க நாடகங்களை மொழிபெயர்த்தவரான ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் வீட்டில், ஈடிப்பஸ் மன்னனின் கதையை ஓ’கானர் முதன்முறையாகப் படித்தார். அரசன் தன் கண்களைத் தானே அழித்துக்கொள்ளும் அக்கதை, முடிவு தெரியாமல் நின்ற அவருடைய நாவலுக்கு முடிவைக் காட்டிற்று. அவருடைய நாயகன் ஹேசல் மோட்ஸ், போர்ச் சேவை முடிந்து திரும்பும் இளைஞன். ‘கிறிஸ்து இல்லாத திருச்சபை’ ஒன்றை நிறுவித் தன் பழைய காரின் மீது ஏறி நின்று போதிப்பவன். கிறிஸ்துவிடமிருந்து தப்பி ஓட முயன்று தோற்ற அவன், இறுதியில் சுண்ணாம்பினால் தன் கண்களைக் குருடாக்கிக்கொள்கிறான். இந்த முடிவு கிடைத்ததும் ஓ’கானர் பின்னோக்கிச் சென்று, அம்முடிவு இயல்பாக வந்து சேரும்படி முன்பகுதிகளைத் திருத்தி எழுதினார்.

ஈடிப்பஸை எத்தனையோ பேர் படிக்கிறார்கள். எல்லோருக்கும் அது தம் நாவலின் முடிவாகிவிடுவதில்லை. நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் ஒரே சிக்கலுடன் அமர்ந்திருந்த ஒருவருக்கு மட்டுமே அது விடையாக அமைய முடிந்தது. வினாவை விடாமல் பிடித்திருந்ததே அக்காலை நேரங்களின் பயன்.

எனினும் ஒழுங்கு எல்லாவற்றையும் சீர்செய்துவிடும் என்று கூறினால் அது நூலுக்கு நீதி செய்வதாகாது. நாவலின் சில பகுதிகள் முன்பே தனிக்கதைகளாக உருப்பெற்றவை. தொடக்கத்திலுள்ள ரயில் பயணத்தின் மூலக்கதை 1947இல் பட்டத்துக்காக அவர் அளித்த கதைத் தொகுப்பில் உள்ளது. இந்த ஒட்டுகளின் தையல் இன்றும் தெரிகிறது. அருங்காட்சியகத்திலிருந்து பதப்படுத்தப்பட்ட சிற்றுடல் ஒன்றைத் திருடும் ஏனோக் எமரி, பின்னர் ஒரு கொரில்லாத் தோலை அணிந்துகொள்கிறான். அதன்பின் நாவலில் அவனைக் காண்பதில்லை. அவன் வரும் பக்கங்கள் நகைப்பூட்டுகின்றன. ஆனால் ஹேசலின் துயரத்தோடு முழுமையாகக் கலக்கவில்லை. முதல் நாவலின் குறை இது. எத்தனை காலைகள் அமர்ந்தும் தீராத குறை.

அப்படியானால் அவர் எதை நம்பி அமர்ந்தார்? புனித தோமா அக்குவினாஸின் சிந்தனையை ஒட்டிக் கலையை விளக்கிய ஜாக் மாரித்தேனின் நூலில் ஓ’கானர் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். கலை என்பது கலைஞரின் உள்ளத்தில் வேரூன்றிய ஒரு நற்பண்பு என்பது அதன் மையக் கருத்து. நற்பண்பு ஒரே நாளில் வருவதன்று, செயலால் வளர்வது. மேதைகளுக்கு வேண்டுமானால் ஒழுங்கின்றியும் எழுத இயலலாம். நம்மில் பெரும்பாலோர்க்கு இருப்பது திறமை மட்டுமே, பழக்கத்தின் துணையின்றி அது உலர்ந்துபோகும் என்னும் பொருள்பட அவர் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். பல மாதங்கள் உழைத்தும் எழுதியதை எறிய நேர்ந்ததுண்டு. அக்காலமும் வீணல்ல என்பதே அவர் கருத்து.

இச்சொற்களின் எடையை அறிய அவருடைய உடல்நிலையையும் அறிய வேண்டும். 1950 டிசம்பரில் ஊர் திரும்பும் வழியில் கடும் நோய்வாய்ப்பட்டார். அவருடைய தந்தையின் உயிரை 1941இல் கவர்ந்த அதே ‘லூபஸ்’ நோய். நாவலின் இறுதித் திருத்தங்கள் நோயின் நடுவிலேயே செய்யப்பட்டன. அதன்பின் ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் அருகே ‘அண்டலூசியா’ என்னும் பால்பண்ணையில் வாழ்ந்தார். எழுதும் மேசை ஜன்னலைப் பார்த்து இருக்கவில்லை. மர அலமாரி ஒன்றின் வெறும் பலகையைப் பார்த்து இருந்தது. வலு குன்றிய காலத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே எழுத முடிந்தது. ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்தில் வேறெதுவும் குறுக்கிட அவர் இடம் தரவில்லை. ஒரே நேரம், ஒரே இடம். 39ஆம் வயதில் மறைந்தபோது இரண்டு நாவல்களையும், உலகம் இன்றும் வாசிக்கும் சிறுகதைகளையும் விட்டுச்சென்றார்.

இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்த நேரம் தானாகக் கிடைத்ததன்று. பண்ணையை நடத்தி, வீட்டையும் காத்தவர் அன்னை ரெஜினா. மகளின் கதைகள் அவருக்கு எப்போதும் உவப்பாக இருந்தனவென்று கூற முடியாது. ஆயினும் அவருடைய உழைப்பின் நிழலில்தான் அவை எழுதப்பட்டன. அடுப்படியும் அலுவலகமும் ஒருசேரச் சுமக்கும் பெண் ஒருவரிடம், ‘ஓ’கானரைப் போல் ஒழுங்கோடு எழுது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவருடைய இரண்டு மணி நேரத்துக்கு வாயிலில் காவல் நிற்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

‘நேரம் வாய்க்கவில்லை’ என்பதில் அதனால் சில வேளை உண்மை உண்டு. ‘மனம் கூடிவரவில்லை’ என்ற விடைக்குத்தான் இந்நாவல் மறுப்பு. மனம் கூடிவந்தபின் ஓ’கானர் அமரவில்லை, அமர்ந்திருந்தார், கூடிவந்தது. வராத நாள்களிலும் அந்த நாற்காலி வெறுமையாக இருக்கவில்லை. பலனை உடனே காணாமலே நாள்தோறும் செபத்தில் முழந்தாளிடுவோர்க்கு, இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.