மீதி வெள்ளித்திரையில்

‘அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா’ என்று யாராவது ஆரம்பித்தால் நம் விமர்சகர்களுக்கு ஒரு இளக்காரம் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது. சிவாஜியின் நடிப்பை நாடக மேடையின் எச்சம் என்றும், புராணப் படங்களைப் பற்றி இன்னும் மோசமாகவும் எழுதியவன்தான் நான். 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரும்ப வந்தபோது, சென்னையில் ஒரு குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். 1964 பொங்கலுக்கு வந்த படம், 48 வருஷம் கழித்து சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. என்னைச் சுற்றி எல்லாம் நரைத்த தலைகள். பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அழுகையை என்ன செய்வது? படத்தின் வெற்றி என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்த பிறகு பந்துலுவின் படம் எனக்கு மறைந்துபோயிற்று. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைதான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரே புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். மணலைக் கூட்டி மேடு கட்டி உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவர் தலை மறைக்காது. பீடிப் புகை ஒளிக்கற்றைக்குள் நெளியும். நான் ஒரு மடியில் சாய்ந்து கர்ணன் சாவதைப் பார்க்கிறேன்.

ரொலான் பார்த் 1975இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில், பிம்பத்தில் லயிப்பதோடு அரங்கத்தின் இருட்டிலும் அங்கே கிடக்கும் உடல்களிலும் லயிப்பதைப் பற்றிப் பேசுகிறார். என் அழுகைக்குக் கௌரவமான ஒரு கோட்பாடு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அக்காதான் கெடுத்தாள். போனில் இதையெல்லாம் சொன்னதும் சிரித்தாள். “நீ எங்கல பாத்த? எடவேள விடுமுன்னாலயே தூங்கிட்ட. ஒன்னயத் தூக்கிட்டு நாந்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா முழுசாப் பாத்துட்டு வந்தா.”

எனக்கு அப்போது 4 வயது, அவளுக்கு 12. அப்படியானால் நான் ‘பார்த்த’ சாவு எங்கிருந்து வந்தது? வானொலியின் ஒலிச்சித்திரம், கோயில் கொடைக்குக் கட்டிய குழாய், சலூன் சுவரில் ஒட்டிய படம், அம்மா எத்தனையோ முறை சொன்ன கதை. நினைவு என்று நாம் மரியாதை கொடுக்கும் பிரதியைப் பல கைகள் எழுதியிருக்கின்றன. இது எனக்குப் பெரிய அதிர்ச்சியில்லை, புத்தகங்களில் படித்ததுதான். இடித்தது வேறு. என் நினைவில் மடி இருந்தது, மடிக்குரியவள் இல்லை.

தமிழர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது அந்தஸ்து அல்ல, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு என்றும் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். முக்கியமான அவதானம், மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் கொட்டகையில் ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் ஒரு குட்டைச்சுவர் பிரித்தது. பெண் பக்கத்திலும் காசு கொடுத்த எல்லோருக்கும் படம் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. குழந்தை தூங்கினால் யார் எழுந்து போவது என்பது டிக்கெட் வாங்குமுன்பே முடிவாகியிருந்தது. அடுத்த வருஷம் அக்கா பெரியவளானாள். கொட்டகை அதோடு சரி.

பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் போட்டு, சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். நாங்கள் கேலி பேசிய வாசகம். அக்காவுக்குக் ‘கர்ணன்’ 40 வருஷமாக அந்த வரியிலேயே நின்றிருக்கிறது. “டி.வி.யில எத்தனை தடவ போட்டான்?” என்று கேட்டேன். “போட்டான். அந்நேரம் அடுப்படியில நின்னுருப்பேன்” என்றாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை.

பழைய படத்தை ரசிப்பது வெறும் ஏக்கம் என்று ஒதுக்குகிறவர்களும், அதுவே நம் பண்பாட்டு நினைவு என்று கொண்டாடுகிறவர்களும் அந்த நினைவு யாருடையது என்று கேட்பதில்லை. 2012இல் அரங்கில் அழுத எங்கள் அத்தனை பேரின் நினைவிலும் இப்படி ஒரு காலி இடம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்காக என் அழுகையைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அந்த மடியின் சூடு நிஜமாகவே எனக்குக் கிடைத்தது. அவள் படத்தை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது.

அதே வருஷம் ஊருக்குப் போய் அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி படத்துக்குப் போனேன். முதல் பாதியில் எனக்கு அழுகை வரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை விட்டதும், “காப்பி குடிக்கலாம், வா” என்று எழுந்தேன்.

“நீ வேணும்னா போயிட்டு வா. நான் எந்திரிக்கல” என்றாள்.