கோவலர் குழலும் முல்லைத் தலைவியும்

இசை துன்பத்தை ஆற்றும் என்பது யாவரும் ஒப்பும் கருத்து. பொருநராற்றுப்படையில் பாலை யாழின் இசை கேட்ட ஆறலை கள்வர் தம் கைப்படையை நழுவ விடுகின்றனர். ஆயின் திருக்குறளின் பொழுதுகண்டிரங்கல் என்னும் அதிகாரத்தில் ஆயன் குழலே கொல்லும் படையாகி விடுகின்றது. ஓரிடத்தில் இசை படையை நீக்குகின்றது. மற்றோரிடத்தில் தானே படையாகின்றது. மக்கட்பேற்றில் குழலை இனிமைக்கு அளவாக எடுத்துக்கொண்ட வள்ளுவரே இதனையும் பாடினார் என்பது எண்ணத் தக்கது. குழல் மாறவில்லை, கேட்பவள் நிலையே மாறிற்று என்று கூறி அமைவோர் பலர். அது விடையின் தொடக்கமேயன்றி விடையாகாது. சோர்ந்த நெஞ்சை இசை என் செய்கின்றது? அந்நெஞ்சு அதனை எங்ஙனம் தாங்குகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் நுட்பமான விடை அகநானூற்றின் 74ஆம் பாட்டில் உண்டு என யாம் கருதுகின்றோம்.

இப்பாட்டு மதுரைக் கவுணியன் பூதத்தனார் பாடியது. தலைவன் பிரிந்த காலத்து, அவன் வருவான் என வற்புறுத்தும் தோழிக்குத் தலைவி கூறுவது. 17 அடிகளுள் பெரும்பகுதி தோழி சொன்னவற்றைத் தலைவி எடுத்துக் கூறுவதாகவே செல்கின்றது. தலைவர் வினைமுடித்து வெற்றியொடு மீள்கின்றார், மழை பெய்து ஈரம் பரந்த பெருவழியில் செந்நிறத் தம்பலப்பூச்சிகள் ஊர்கின்றன, களர்மணலில் முல்லைப்பூ உதிர்ந்து கிடக்கின்றது, பிணைமானின் மருண்ட நோக்கைக் காணுந்தோறும் அவர் நின்னை நினைந்து, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுகின்றார், இன்றே வருவர், நாம் நடுக்கம் தீர்வோம் என்பன தோழியின் சொற்கள். இவ்வாறுதல் மொழியை எளிதாக எண்ணுதற்கில்லை. வெறுமனே வருந்தாதே என்று அவள் கூறவில்லை. வழியையும் மழையையும் பூவையும் மானையும் நிரல்படக் காட்டி, கண்ணாற் காணுமாறு ஒரு மீட்சியைப் படைத்துத் தருகின்றாள். தலைவியும் அதனை மறுக்கவில்லை. அவற்றை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லும் அளவிற்கு மனங்கொண்டிருக்கின்றாள். பின்னரே இறுதி நான்கடிகளில் தன் சொல்லைத் தொடங்குகின்றாள்: நின் சொல்லை வலியாகக் கொண்டு யான் அமைந்திருப்பேன், நாள்தோறும் துயர்தரும் மாலையொடு சேர்ந்து கல்லாக் கோவலர் ஊதும் சிறுகுழல் வருத்தாதாயின்.

குழல் பழைய கூட்டத்தை நினைவூட்டிற்று என்று பலர் பொருள் விரிப்பர். பாட்டில் அங்ஙனம் ஒரு சொல்லும் இல்லை. நினைவு என்பது இப்பாட்டில் உண்டு. ஆனால் அது தலைவன்பால் நிகழ்வது, அதுவும் தோழியின் கற்பனையில். மானின் நோக்கு தலைவியின் நோக்கை ஒத்தலின் அவன் நினைக்கின்றான். ஒப்புமை உண்டு, அதனால் நினைவு பிறக்கின்றது, நினைவினால் தேர் விரைகின்றது. கண் வழி வந்த நினைவு ஒரு செயலில் முடிகின்றது. தலைவிக்கோ துன்பம் செவி வழி வருகின்றது. குழலோசைக்கும் தலைவனுக்கும் ஓர் ஒப்புமையும் கூறப்படவில்லை. இன்னதை நினைந்தேன் என்று அவள் சுட்டவும் இல்லை. செலுத்துதற்கு அவளிடம் தேரும் இல்லை. பொருள் இன்னதென்று காட்டாமலே நெஞ்சைத் தாக்குவது இசையின் இயல்பு. சோர்வுற்றிருப்பவரை இசை பெரிதும் வருத்துவதற்கு இதுவே காரணம் எனலாம். காரணம் சுட்டக்கூடிய துயருக்கு மறுமொழி கூறலாம். தோழியும் அதைத்தான் செய்தாள். சுட்டப்படாத துயருக்கு எதனை மறுமொழியாகக் கூறுவது?

மேனாட்டு வரலாறு ஒன்று இங்கு ஒப்பிடத் தக்கது. சுவிட்சர்லாந்து நாட்டு மாட்டிடையர் பாட்டொன்று அயல்நாடுகளிற் பணிபுரிந்த அந்நாட்டுப் படைஞரை அழச் செய்தமையானும், படையை விட்டு ஓடச் செய்தமையானும், அதனை அவரிடையே இசைத்தல் கொலைத்தண்டத்தின்பாற் படுமாறு விலக்கப்பட்டது என ரூசோ தம் இசை அகராதியில் (1768) எழுதினார். ஊரேக்கத்தை ஒரு நோயாகக் கொண்டு யோகான்னஸ் ஹோஃபர் அதற்கு நாஸ்டால்ஜியா எனப் பெயரிட்டது அதற்கு முன்னரே, 1688இல். அப்பாட்டின் ஆற்றல் இசையில் இல்லை, அது நினைவின் அடையாளமாக நிற்றலில் உள்ளது; ஆதலின் அயலாரை அது வாட்டுவதில்லை என்பது ரூசோவின் முடிபு. அங்கும் இடையர் இசை, இங்கும் இடையர் இசை என்னும் ஒற்றுமை வியப்புத் தருவதே. எனினும் ரூசோவின் விளக்கம் நம் தலைவிக்குப் பொருந்தாது. அவள் ஊரைப் பிரியவில்லை. இருந்த இல்லத்திலேயே இருக்கின்றாள். நாளும் கேட்ட குழலையே கேட்கின்றாள். தொலைவிலுள்ள ஒன்றைக் குழல் அழைத்து வரவில்லை. அருகிலுள்ள அனைத்தும் முன்போலவே உள்ளன, ஒருவன் நீங்கலாக என்பதையே அது நாள்தோறும் மெய்ப்பிக்கின்றது.

இக்காலத்து உளநூலார் ஆய்வுகளும் இசையோடு நினைவையே முதன்மையாக இணைக்கின்றன. 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில் 772 பேர் விடையளித்தனர். சோக இசை எழுப்பும் உணர்வுகளுள் மிகுதியாகக் காணப்பட்டது பழமையேக்கம் என அதன் ஆசிரியர் கண்டனர். அது பெரும்பாலும் தாமே தேர்ந்து கேட்கும் இசையைப் பற்றியது. தலைவி தேர்ந்து கேட்கவில்லை. கேளாதிருக்கும் உரிமை அவளுக்கு இல்லை என்பதை இவ்வாய்வோடு பாட்டை ஒப்பிடுவோர் மறத்தலாகாது.

இனி, கல்லா என்னும் அடை. இதனை வெற்றடை எனத் தள்ளுதல் தகாது. கோவலர் குழலைப் பற்றி அகநானூற்று 399ஆம் பாட்டிலும் இவ்வடையின் வேர்ச்சொல் வருகின்றது. அங்குக் கோவலர் கல்லாது ஊதும் குழலின் தனிமை தோய்ந்த ஒலியை, நெல்லிக்காய் தின்று அசையிடும் மரை செவிசாய்த்துக் கேட்கின்றது. மரைக்கு அதனால் ஒரு துன்பமும் இல்லை. ஊதுவோன் துயரை எண்ணி ஊதவில்லை. வருத்தும் நோக்கமோ வருத்தும் பண் இன்னதென்னும் அறிவோ அவனுக்கு இல்லை. ஆகவே அவனை நோதற்கும் இடமில்லை. கற்றவர்க்கு இத்துன்பம் இல்லையோ எனின், வேனிற்காதை மாதவியைக் காண்க. கோவலன் பிரிந்தபின் வேனிற்பள்ளி ஏறி யாழை எடுக்கின்றாள். யாழ் வாசிக்கும் முறைகளை இளங்கோவடிகள் அங்கு நுணுக்கமாக விரிக்கின்றார். அத்துணைக் கல்வி உடையவள் பாடத் தொடங்கி மயங்குகின்றாள். பின் யாழை விடுத்துத் தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தோய்ந்த பித்திகை அரும்பால் திருமுகம் எழுதுகின்றாள். பண் தாங்க மாட்டாததைச் சொல்லில் ஏற்றும் முயற்சி அது. வசந்தமாலை கொண்டு சென்ற அம்மடலைக் கோவலன் ஏற்கவில்லை என்பது வேறு செய்தி.

முல்லைத் தலைவியும் சொல்லையே நாடுகின்றாள். ஆனால் அவள் சொல் தோழியை நோக்கியது. அமைந்திருப்பேன் என்னும் சொல்லோடு அவள் மன் என்னும் இடைச்சொல்லைச் சேர்க்கின்றாள். மன் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வரும் என்பது தொல்காப்பியம். இங்குக் கழிவு எனக் கொள்ளின், ஆற்றியிருத்தல் இனி இல்லை, அது கழிந்தது என்று பொருள்படும். பாட்டு இரங்கலாகி நெய்தலின் எல்லைக்குச் சென்றுவிடும். தொகுத்தோர் அங்ஙனம் கொள்ளவில்லை. அகநானூற்றில் 4, 14, 24 என நான்கில் முடியும் எண்ணெல்லாம் முல்லை; 10, 20 என வருவனவே நெய்தல். 74ஆம் இடத்தில் வைத்தமையால், இவள் இன்னும் இருத்தல் ஒழுக்கத்தினள் என்பதே அவர் துணிபு. ஆதலின் மன் ஒழியிசையே என்பது எம் கருத்து. குழல் வருத்துகின்றது என்பதைச் சொல்லாமல் விடுத்து, ஆற்றுதலைக் கைவிடாமலே அதன் இடர்ப்பாட்டை உணர்த்துகின்றாள்.

முதுகலை வகுப்பில் இப்பாட்டை நடத்தியபொழுது மாணவி ஒருவர், குழலை நிறுத்தச் சொல்லலாமே, இன்று நாம் பாட்டை நிறுத்திவிடுவது போல, என்று வினவினார். நகைத்து விடுத்தற்குரிய வினா அன்று அது. சுவிட்சர்லாந்துப் படைத்தலைவர் செய்ததும் அதுதானே. அவ்வினாவே எம்மைப் பாட்டின் இறுதிச் சொல்லுக்கு மீண்டும் கொண்டு சென்றது. ஊதாக்கால் என்று புலவர் பாடவில்லை. வருத்தாக்கால் என்றே பாடினார். ஓசை ஒழிய வேண்டும் என்று தலைவி கேட்கவில்லை. குழல் ஒலிக்கட்டும், மாலை வரட்டும், ஆனிரை வீடு திரும்பட்டும். அவ்வொலி வருத்தாதிருத்தல் ஒன்றே வேண்டுவது. அது கோவலர் கையில் இல்லை, தோழி கையிலும் இல்லை. என்னை வீழ்த்துவது இது, இப்பொழுதில் இவ்வாறு வீழ்த்துகின்றது என்று தன் சோர்வின் இடத்தையும் காலத்தையும் வரையறுத்துத் தனக்கு நெருங்கிய ஒருத்தியிடம் கூற அவளால் முடிகின்றது. பகற்பொழுது முழுதும் இருள் என்று அவள் கூறவில்லை என்பதையும் காண்க.

அகப்பாட்டு ஒருவர் கூற்றாக அமைவது. ஆதலின் தோழி இதற்கு என்ன மறுமொழி கூறினாள் என்பது பாட்டில் இல்லை. வன்புறைச் சொற்கள் அனைத்தையும் முன்னரே கூறி முடித்த அவள், அன்று மாலை குழல் கேட்டபொழுது தலைவியின் பக்கத்திற் சென்று அமர்ந்திருத்தலும் கூடும்.