கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் ஓடும் நேரமெல்லாம் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்லாக் அடிப்பவரும் கைமடிக்கும் பையனும் செக்கிங் பெண்களும் ஒன்றரை ஷிப்டு முழுக்க அதைக் கேட்டபடிதான் வேலை செய்கிறார்கள். நாள் ஒன்றுக்கு இத்தனை மணி நேரம் இசை கேட்கும் கூட்டம் எந்த சபாவிலும் இருக்காது. ஆனால் இவர்களை மனத்தில் வைத்து இசைக் கலைஞர்களைப் பேட்டி கண்ட பத்திரிகை எது என்று தேடினால் கையில் அகப்படுவது சொற்பம். பேட்டி எடுப்பவர் எப்போதும் ஒரு வாசகருக்குப் பதிலாகத்தான் கலைஞர் முன் உட்காருகிறார். அந்த வாசகர் யார் என்பதைப் பொறுத்து, ஒரே கலைஞர் நான்கு பத்திரிகைகளில் நான்கு ஆட்களாகத் தெரிகிறார்.

நம் வார இதழ்களின் இசை வாசகர் 1930களில் உருவானவர். ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதிய விமர்சனங்கள், கச்சேரிக்குப் போகாதவரையும் கச்சேரியைப் பற்றிப் பேச வைத்தன. 1941இல் அவரும் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவமும் 'கல்கி' இதழைத் தொடங்கியபோது, 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து சுப்புலட்சுமி பெற்ற ஊதியம் அதற்கு முதலாயிற்று. இசையும் பத்திரிகையும் குடும்பமும் அங்கே ஒரே வீட்டுக்குள் இருந்தன. குடும்ப இதழ்களின் பேட்டிகளில் அந்த வீட்டு வாசனை வெகுகாலம் நீடித்தது: குருபக்தி, சாதகம் செய்த அதிகாலை, நவராத்திரிக் கொலு, பிள்ளைகளின் படிப்பு.

எங்கள் பக்கத்துக் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதுகிறவர்கள் யாராயினும், 1935இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய லட்ச ரூபாயைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி அவர் எப்படிப் பாடினார், அந்த மேல் ஸ்தாயியை எப்படிப் பழகினார், மூச்சை எங்கே வாங்கினார் என்பதை விளக்கமாகப் படிக்க விரும்புபவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. சம்பளம் எல்லா வாசகருக்கும் புரியும், மூச்சு புரியாது என்று யாரோ முன்பே முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவருக்கு, பாட்டில் மூச்சு எங்கே மாறுகிறது என்று சொன்னால் நன்றாகவே புரியும்.

1942இல் வந்த 'பேசும் படம்', 1966இல் வந்த 'பொம்மை' ஆகியவற்றின் வாசகர் சினிமா ரசிகர். முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது, பிடித்த பாட்டு எது என்ற கேள்விகள் அவருக்கானவை. இவற்றை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களின் அன்றாடத்தை அறிய இன்றும் இந்தப் பழைய இதழ்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

கலையின் நுட்பத்தைக் கேட்டது சென்னையிலிருந்து 1983இல் பட்டாபிராமன் தொடங்கிய 'ஸ்ருதி'. பாடாந்தரம், கமகம், ராக லட்சணம் என்று அது தோண்டித் துருவியது. ஆனால் அது ஆங்கில இதழ். மயிலாப்பூர் ரசிகருக்கும் வெளிநாட்டில் குடியேறியவருக்கும் எட்டிய அந்த ஆழம், தமிழ்வழி படித்துவிட்டு கோவை அரசு இசைக் கல்லூரியில் நாகசுரம் பயிலச் சேர்ந்த பையனுக்கு எட்டவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை நடத்திய 'சுபமங்களா' நீண்ட நேர்காணலுக்கு மரியாதை தேடித் தந்தது. அதன் பிறகு இலக்கிய இதழ்களில் கலைஞர்களிடம் சாதி, மொழி, அரசியல் பற்றிக் கேட்பது வழக்கமாயிற்று. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா இவற்றைப் பற்றிப் பேசுவதும், அவருக்காகக் கொங்கு எழுத்தாளர் பெருமாள்முருகன் கீர்த்தனைகள் எழுதியதும் இந்த வாசகருக்கு மிக முக்கியமான செய்திகள். எனக்கும்தான். ஆயினும் அந்தப் பக்கங்களில் கருத்து காதில் விழும் அளவுக்கு நாதம் விழுவதில்லை.

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டிலேயே இரண்டு இதழ்கள் பிறந்தன. 'ரோலிங் ஸ்டோன்' பாடகரிடம் அவர் காலத்தைப் பற்றிக் கேட்டது. 'கிட்டார் பிளேயர்' அவரிடம் என்ன தந்தி போடுகிறீர்கள், எப்படி விரல் வைக்கிறீர்கள் என்று கேட்டது. அதன் வாசகர் தானும் வாசிக்கிறவர். நம்மிடம் முதல் வகை ஓரளவு வந்துவிட்டது. இரண்டாவது தமிழில் வேர்விடவில்லை. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தி வந்தது. எந்தச் சீவாளி எந்த உதட்டுக்குப் பொருந்தும் என்று வாசிப்பவரிடம் கேட்டு எழுதியதை நான் படித்ததில்லை.

2024இல் கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன், எண்பது வயதைக் கடந்தபின், பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுத்தந்தவர் அவர். வயதும் விருதும் தலைப்பாயின. அடவு எத்தனை, பாட்டின் வேகம் எந்த இடத்தில் கூடும், புதிதாக வருகிறவருக்கு முதலில் எதைப் பழக்குவார் என்பதெல்லாம் இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இதழாசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சிறப்பிதழுக்கு அவிநாசித் தேருக்கோ மாரியம்மன் பொங்கலுக்கோ மேளம் அடிக்க வரும் ஒரு ஜமாப் குழுவோடு ஒருநாள் உட்காருங்கள். தோலை எப்படிக் காய்ச்சுகிறார்கள், அடியை யார் மாற்றுகிறார்கள், கை எப்போது வலிக்கும் என்று கேளுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவர் படிக்கும்படி, தமிழில் அதை அச்சிடுங்கள்.