கதாநாயகியின் ஊசி

நம் கதைகளில் ஒரு பெண் ஊசியைத் தொட்டாளென்றால் அடுத்த வரியில் விரலில் குத்திக்கொள்வாள். ஒரு துளி ரத்தம்; உடனே கணவன் ஞாபகம். அவள் என்ன தைத்தாள் என்று ஆசிரியர் சொல்வதேயில்லை. இதுதான் என் புகார்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் பாருங்கள். பழைய நூல் புடவைகளை நாலு மடிப்பாக அடுக்கி, வரிவரியாக ஓட்டுத் தையல் போட்ட விரிப்பு ஒன்று கிடக்கலாம். கந்தல்தானே என்பீர்கள். அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது! புடவை முதலில் நைவது நடுவில். கரை கெட்டியாக நிற்கும். ஆகையால் நைந்த பாகம் உள்ளே போகும், கரை ஓரத்துக்கு வரும். தையல் நெருக்கமாக விழாவிட்டால் துவைக்கும்போது உள்துணி சுருண்டு கட்டிக்கொள்ளும். வங்காளத்துப் பெண்களோ காந்தா தைக்க, நூலையே பழைய புடவைக் கரையிலிருந்து உருவிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த உடுப்புகளைக் கொண்டு போர்வைகள் தைத்தார்கள். அவை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரேறின. நவீன ஓவியம் போலிருக்கிறதென்று விமர்சகர்கள் வியந்தார்கள். அந்தப் புகழ்ச்சியிலும் எனக்குத் திருப்தியில்லை. ஓவியம் போலிருந்தால்தான் உயர்வா? குளிரைத் தாங்கியது கணக்கில் வராதா?

பெண்ணின் கைவேலையில் பொறுமையைக் கண்டு மெச்சியவர்கள் அநேகர்; அறிவைக் கண்டவர்கள் சொற்பம். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பது கதாசிரியனுக்கும் உள்ள சங்கடந்தானே? அடுத்த கதையிலாவது அவள் விரலை விட்டுவிட்டுத் துணியைக் காட்டுங்கள்.