'புற உலகச் சிந்தனையற்றோர்': ஒரு பெயரும் ஒரு கொள்ளைநோய்க் காலமும்

ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு ஆவணங்கள் நெடுநாளாக வழங்கிவரும் பெயர் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. 'மதியிறுக்கம்' என்றும் ஒரு சொல் உண்டு. இரண்டுமே குறையைப் பிள்ளையின் மண்டைக்குள் வைக்கின்றன. உள்ளே பூட்டிய அறை. வெளியே எல்லோருக்கும் திறந்து கிடக்கிற உலகம். இந்த உள்/வெளி எதிர்மறையை 2020-இன் ஊரடங்கு எப்படிக் கவிழ்த்தது என்பதை விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து வாசிக்க முயல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒரு நாள் என்பது ஒரு வரிசை. இந்த நேரத்துக்கு இந்த வண்டி, இந்தத் திருப்பம், இந்தக் கடை, இந்த பிஸ்கட். மார்ச் 24-க்குப் பிறகு அந்த வரிசை அறுந்தது. பயர் ஆபீஸ் வண்டி வரல, பள்ளிக்கூட வண்டியும் வரல. 'ஏன் வரல' என்று கேட்க வாய் வராத பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்கும். சுவரில் தலையை மோதிக் கேட்கும். புற உலகம் நின்றுபோனது பற்றி இதைவிடத் துல்லியமான சிந்தனை எது? அதே நாட்களில் புற உலகம் இவர்களைச் சிந்தித்ததா என்பதே நம் கேள்வி.

1975-இல் வெளிவந்த, சிறையின் பிறப்பு பற்றிய நூலில் பூக்கோ இரண்டு மாதிரிகளைச் சொல்கிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. கொள்ளைநோய் ஊரில் ஒவ்வொரு வீட்டையும் பூட்டி, ஒவ்வொரு தலையையும் எண்ணுவது மற்றது. இங்கே எண்ணிக்கைக்குக் குறைவில்லை. கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தினமும் மாலையில் தொற்று எத்தனை, சாவு எத்தனை என்று அறிக்கை வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையோ பூட்டப்பட்டது, எண்ணப்படவில்லை. இரண்டு மாதிரியும் ஒரே உடலின்மீது ஒருசேர நிகழ்ந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-இன் ஊனமுற்றோர் சட்டம் ஆட்டிசத்தைக் கண்டுகொள்ளவில்லை. 2016-இன் சட்டம் சேர்த்துக்கொண்டது. அதன் 8-ஆம் பிரிவு பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பு என்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு. 'போகப்போகப் பேசிருவான்' என்று ஊரார் சொன்னதை நம்பி, இருக்கன்குடிக்கு நேர்ந்துவிட்டுக் காத்திருந்த வீட்டில் அட்டை ஏது? ஸ்பெயின் அந்த மார்ச்சிலேயே இப்பிள்ளைகள் துணையோடு வெளியே நடக்கலாம் என்றது. பிரிட்டன் ஏப்ரலில், சட்டரீதியான சவாலுக்குப் பிறகு, விதியைத் தளர்த்தியது. ஸ்பெயினில் நடந்துபோன பிள்ளைகளை மாடியில் நின்றவர்கள் ஏசினார்கள். ஏச்சுக்குப் பயந்து சில குடும்பங்கள் கையில் நீலப்பட்டை கட்டிக்கொண்டன. ஆக, நடப்பதற்கும் ஓர் அடையாளக்குறி தேவைப்பட்டது.

சிவகாசியில் சிக்கல் இன்னும் ஆழமானது. இங்கே 'குழந்தை' ஏற்கெனவே எழுதிமுடிக்கப்பட்ட ஒரு பிரதி. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அந்தப் போராட்டம் தேவையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது உருவாக்கிய சொல்லாடலில் இந்த வட்டாரத்துப் பிள்ளை என்பது ஒரு கை: முதலாளிக்கு வேலை செய்கிற கை, நமக்கு மீட்கப்படவேண்டிய கை. சரம் பின்னாத, தீப்பெட்டி ஒட்டாத, பள்ளிக்கூடத்திலும் ஒட்டாத பிள்ளை சுரண்டலின் கணக்கிலும் இல்லை, மீட்பின் கணக்கிலும் இல்லை.

அடுத்து, தாய். 1 முதல் 8 வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதுவரை பேச்சுப் பயிற்சியும் பிற பயிற்சிகளும் கைபேசிக்குள் போயின. 'வீடியோ அனுப்பியிருக்கோம், வீட்ல செய்ய வைங்க.' 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று எழுதினார். அறிவியல் அதைக் கைவிட்டு வெகுநாளாயிற்று. ஆனால் நோய்க்குக் காரணமாயிருந்த தாய் 2020-இல் நோய்க்கு மருந்தானாளே தவிர அச்சு மாறவில்லை: எல்லாம் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் மட்டுமே நடக்கிறது, சமூகம் வெளியே நிற்கிறது. ஆலைகள் குறைந்த ஆட்களோடு திறந்தபோது அவள் பயர் ஆபீசுக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஒரு கைபேசிதான் உண்டு, அதுவும் புருஷனோடு போய்விடும். நிபுணர் அனுப்பிய வீடியோவின் 'வீடு' இந்த வீடு அல்ல.

இன்னொன்று, சத்தம். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பது 1999-இலிருந்து வெடிக்குச் சட்டம் வைத்த வரம்பு. அதில் பாதிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. 2020 நவம்பரில் தில்லி, ராஜஸ்தான், ஒடிசா அரசுகள் கொரோனாவைக் காட்டிப் பட்டாசைத் தடுத்தன. நுரையீரலுக்கு நல்லதுதான்; அதற்கான விலை சாத்தூர்ப் பக்கத்து வீடுகளில் கூலியாகக் குறைந்தது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் போகிறதோ அந்தச் சத்தத்திலிருந்துதான் அந்தப் பிள்ளைக்குச் சோறு வருகிறது. கவிஞர்கள் தயவுசெய்து இதை உருவகமாக்கிவிட வேண்டாம். இது கூலிப் பிரச்சினை.

ஆகவே பெயரை மாற்றுவதோடு விஷயம் தீராது. 1948-இன் ஆலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கேட்டது. ஆட்டிசம் ஆறு வயதோடு முடிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பகல் காப்பகம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாளுக்குக் கூலி, சான்றிதழுக்கு மாவட்டத் தலைநகர் வரை அலையாமல் ஒன்றியத்திலேயே முகாம்: இவை பட்டாசுத் தொழிலாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில், போனஸுக்குப் பக்கத்தில், இடம்பெற வேண்டியவை. எண்ணப்படுவதில் கண்காணிப்பின் ஆபத்து உண்டென்று பூக்கோவைப் படித்த நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மை. ஆனால் எண்ணுவது யார் என்பதும் அரசியல்தான். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை, அதற்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தப் பாதையில் நடந்தால் அடங்கும் என்று சங்கத்துக்கும் தெருவுக்கும் தெரிந்திருப்பது போலீஸ் பதிவேடு ஆகாது. அடுத்த ஊரடங்குக்கு முன்னால் சேகரிக்க வேண்டிய அறிவு இதுதான்.