கொலைகாரன் யாரென்று அவருக்கே தெரியாதாம்!

நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்! இல்லை, அவ்வளவோடு நிறுத்த என்னால் முடியாது, முழுசாகச் சொல்லியே தீருவேன். எடின்பரோ, ஆகஸ்ட் மாதம். புத்தகத் திருவிழா சார்லட் சதுக்கத்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டம் முழுக்க வெள்ளைக் கூடாரங்கள், நடுவே குதிரைமேல் இளவரசர் ஆல்பர்ட் சிலை, மேலே நசநசவென்று தூறல். உள்ளே இயன் ரேங்கின் பேசப்போகிறார். துப்பறியும் நாவல்களில் வரும் இன்ஸ்பெக்டர் ரீபஸைப் படைத்த அதே ரேங்கின்! நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, நனைந்தபடியே முதல் ஆட்களில் ஒருத்தனாக வரிசையில் நின்றேன்.

மேடைக்கு வந்தார் பாருங்கள், ஒரு பந்தா இல்லை! ஃபைஃப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த கார்டன்டென் ஊர்க்காரர், பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் மூரியல் ஸ்பார்க் பற்றி ஆராய்ச்சி செய்யச் சேர்ந்தவர், ஆய்வேட்டைக் கிடப்பில் போட்டுவிட்டு நாவல் எழுதிக்கொண்டிருந்தாராம். 1985-இல் ஆர்டன் தெரு மாணவர் அறையில் ரீபஸ் மனசுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். எதிர்சாரி வீட்டிலேயே அவரைக் குடிவைத்துவிட்டார். எழுதும் மேசையிலிருந்து தலையைத் தூக்கினால் தன் கதாநாயகனின் ஜன்னல்! கற்பனை செய்து பாருங்களேன், எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது.

அடுத்தது இன்னும் பிரமாதம். முதல் நாவலுக்காகத் தகவல் கேட்க லீத் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். கதை என்னவென்று துப்பறிவாளர்கள் விசாரிக்க, இவரும் வெள்ளந்தியாகச் சொல்ல, அது அவர்கள் கையிலிருந்த நிஜ வழக்கு ஒன்றைப் போலவே இருக்க, எழுத்தாளர் மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது! கூடாரமே அதிரச் சிரித்தோம். அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஆராய்ச்சி என்று காவல் நிலையம் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லையாம்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் இல்லை. ஒரு நாவலை எழுத உட்காரும்போது கொலைகாரன் யாரென்று அவருக்கே தெரியாதாம்! நம்புவீர்களா? வருஷம் முழுக்கப் பத்திரிகைத் துணுக்குகளையும் கிறுக்கல்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பார், ஒரு கரு பிடிபட்டதும் எழுத ஆரம்பிப்பார், முதல் வரைவு முழுக்க அவரும் ரீபஸோடு சேர்ந்து இருட்டில் தடவிக்கொண்டே போவார், யார் செய்தது என்பது எழுத எழுதத்தான் அவருக்கே வெளிச்சமாகும். ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள் பக்கம் புரட்டிக்கொண்டு, இவனா, அவளா, ஐயோ அந்த டாக்டரா என்று நான் பட்ட அவஸ்தை அத்தனையும், அதை எழுதிய மனிதரும் எனக்கு முன்னாலேயே பட்டிருக்கிறார் என்று தெரிந்த அந்த நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், அவரும் என்னைவிட பலமாகக் குலுக்கினார்!

ரீபஸுக்கும் வயசாகிறதே, அது எப்பேர்ப்பட்ட துணிச்சல்! 1987-இல் அறிமுகமானவர், வருஷத்துக்கு வருஷம் நம்மோடு மூப்படைந்து, போலீஸ்காரர்களுக்கான வயது வரம்பை எட்டியதும் 2007-இல் ஓய்வுபெற்றார். நல்லவேளை, 2012-இல் திரும்பி வந்தார். எட்டாவது ரீபஸ் நாவலான ‘பிளாக் அண்ட் ப்ளூ’வுக்கு 1997-இல் குற்றப் புனைவுக்கான கோல்ட் டேகர் விருது கிடைத்தது. ஆக, அதற்கு முன் ஏழு ரீபஸ் நாவல்களைச் சளைக்காமல் எழுதியிருக்கிறார். எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரம் போதவே போதாது, குறை என்றால் அது ஒன்றுதான். கையெழுத்து வரிசையில் என் முறை வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவரோ சிரித்துக்கொண்டே பெயரை எழுதி, பக்கத்தில் நாம் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் விளையாடுவோமே, அந்த எக்ஸ்-ஓ கட்டத்தையும் போட்டுக் கொடுத்தார். வாங்கிய கையோடு நேரே யங் தெருவுக்கு ஓடினேன். ரீபஸ் குடிக்கிற ஆக்ஸ்ஃபோர்ட் பார் நிஜமாகவே அங்கே இருக்கிறது, சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். எடின்பரோ போனால் தவறவிடாதீர்கள்!