கேட்போரின் ஒழுக்கம்: 2024ஆம் ஆண்டின் கலைக்கணக்கு

ஓராண்டில் கேட்ட கச்சேரிகளையும் கண்ட திரைப்படங்களையும் பார்வையிட்ட கண்காட்சிகளையும் ஒருசேர மதிப்பிடும் வழக்கம் பொது இதழ்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தமிழ் முஸ்லிம் இதழ்களில் அது ஏனோ வேரூன்றவில்லை. நம் ஏடுகள் கலையைப் பற்றி எழுதாதவை அல்ல. எனினும் ஏதேனும் ஒரு படம் நம்மைப் புண்படுத்தியபோதே அவை மிகுதியும் எழுதின. புண்படாத நாட்களில் நாம் எதைக் கேட்டோம், எதைப் பார்த்தோம் என்பதற்குப் பதிவே இல்லை. 2024ஆம் ஆண்டைச் சற்றுத் தாமதமாகவேனும் திரும்பிப் பார்க்கத் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

நான் பார்ப்பது நெய்வேலி நகரியத்திலிருந்து. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்ட ஊர் இது. மாவட்டம் தோறுமிருந்து வேலைக்கு வந்தவர்கள் தத்தம் ஊர்ச் சுவையையும் பெட்டியோடு கொண்டுவந்தனர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தோடியும் அடுத்த வீட்டில் தெம்மாங்கும் மூன்றாம் வீட்டில் நாகூர் ஹனீபாவும் ஒலிப்பது இங்கே இயல்பு. ஊர்ப்பெயரைத் தன் பெயரின் முன் தாங்கிய சந்தானகோபாலன் போன்ற பாடகரும் இவ்வூருக்கு உண்டு. 1998 முதல் நடைபெற்றுவரும் புத்தகக் கண்காட்சி, லிக்னைட் ஹாலையும் அதன் சுற்றுப்புறத்தையும் சில நாட்களுக்கு எழுத்தாளர்களின் ஊராக்கிவிடும். ஆயினும் சென்னையின் மார்கழிப் பருவமும் பெரிய ஓவியக் காட்சிகளும் எங்களுக்குத் தொலைவுதான். வானொலி, இணையம், கடலூர்த் திரையரங்கு, எப்போதாவது ஒரு ரயில் பயணம்: எங்கள் கலையாண்டு இவற்றால் ஆனது.

2024இல் இரண்டு நூற்றாண்டுகள் நம் வாசலைக் கடந்தன. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா பிறந்து அவ்வாண்டு மே மாதத்தோடு நூறாண்டு நிறைந்தது. டிசம்பர் 25இல் இசைமுரசு நாகூர் இ.எம்.ஹனீபாவின் நூறாவது ஆண்டு தொடங்கியது. பின்னவரைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு தொடங்கிவிட்டது. முன்னவரைப் பற்றி நான் கலந்துகொண்ட சமுதாய நிகழ்ச்சி எதிலும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவ்வேறுபாடு என்னை ஆண்டு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

சிறுவயதில் காலை ஷிப்டுக்குத் தந்தையார் புறப்படும் வேளையில் வானொலியில் மங்கள இசை ஒலிக்கும். அறிவிப்பாளர் 'ஷேக் சின்ன மௌலானா' என்பார். அது நம்முடைய பெயர் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கோயில் மேளத்துக்குரிய பெயராகவே அது காதில் விழுந்தது. வீட்டில் யாரும் விளக்கவும் இல்லை. அவர் ஆந்திரத்தின் ஓங்கோலை அடுத்த கரவதியில் நாகசுரக் குடும்பமொன்றில் பிறந்தவர் என்பதும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கித் தஞ்சைப் பாணியைத் தேடி வந்தவர் என்பதும், நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் முறையாகப் பயின்றவர் என்பதும், பின்னர் ஸ்ரீரங்கத்தையே வாழிடமாக்கிக்கொண்டவர் என்பதும் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தன. 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. மறு ஆண்டே மறைந்தார்.

நூற்றாண்டை முன்னிட்டு அவருடைய பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். நாகசுரம் உரத்த கருவி. திறந்த வெளிக்கும் ஊர்வலத்துக்கும் ஆனது. அதில் உரத்து வாசிப்பது எளிது. தாழ்ந்த குரலில் பேசுவதுதான் அரிது. சின்ன மௌலானாவின் ஆலாபனையில் அந்த அரிய தன்மை இருக்கிறது. ராகத்தின் கீழ்ப்பகுதியில் அவர் அவசரமின்றித் தங்குகிறார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும்போது சீவாளியின் கீச்சு கேட்பதில்லை. மனிதத் தொண்டையின் ஈரமே கேட்கிறது. வாய்ப்பாட்டை அறிந்து வாசிப்பவர் என்பது இரண்டு நிமிடங்களில் புரிந்துவிடும். மேலே ஏறும்போது மட்டும் ராஜரத்தினத்தின் நிழல் விழுகிறது. அந்த நிழலை அவர் மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒன்றிரண்டு கிருதிகளில் விரைவு கூடும்போது சொல்லின் அசைகள் மங்கிவிடுகின்றன என்பது என் குறை. தேர்ந்த ரசிகர்கள் இதை மறுக்கக்கூடும்.

இத்தகைய கலைஞரை நாம் ஏன் கொண்டாடவில்லை? அவர் பெருமாள் கோயிலில் வாசித்தவர் என்பது வெளிப்படையான விடை. இறைவணக்கத்தின் தூய்மை குறித்து ஒரு முஸ்லிமுக்கு இருக்கவேண்டிய கூருணர்வை நான் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. இசை குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடும் புதிதன்று. ஆனால் அந்த விவாதத்தில் நாம் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் 'ஸமாஃ' எனப்படும் செவிமடுத்தலுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். அதில் ஆகுமா ஆகாதா என்ற வினாவோடு அவர் நின்றுவிடவில்லை. கேட்பவன் எந்நிலையில் கேட்கிறான், அவனுக்குள் என்ன நிகழ்கிறது, அவன் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பவற்றையும் விரிவாக ஆராய்ந்தார். காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்திவர வேண்டுமென்ற ஜுனைத் அவர்களின் கருத்தையும் எடுத்தாண்டார். அதாவது, ஓசைக்குத் தீர்ப்பு வழங்குவதோடு செவிக்கு ஒழுக்கமும் கற்பித்தார். நாம் முதலாவதை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டோம். கேட்டபின் வணக்கத்தலம் குறித்து மாறுபடுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கேட்காமலே ஒருவரை நம் கணக்கிலிருந்து நீக்குவது மார்க்கப் பேணுதல் ஆகாது, சோம்பலே ஆகும்.

இடையே ஒன்று. அதே 2024 மார்ச்சில் டி.எம்.கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது கர்நாடக இசையுலகம் இரண்டுபட்டது. சில கலைஞர்கள் அவ்வாண்டு விழாவிலிருந்தே விலகினர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இயேசுவையும் அல்லாஹ்வையும் பற்றிக் கர்நாடக இசையில் பாடுவேன் என்று 2018இல் அறிவித்தவர் அவர். அவரை ஆதரித்து நம்மவர் பலர் பேசினர், நல்லதே. ஆனால் அதே பட்டத்தை கால் நூற்றாண்டுக்கு முன்பே பெற்றிருந்த ஒரு ஷேக்கின் நூற்றாண்டு அப்போது ஒன்றரை மாதத் தொலைவில்தான் இருந்தது. அதை எவரும் நினைவூட்டவில்லை. நானும் பொதுவில் நினைவூட்டவில்லை.

திரைப்படங்களுக்கு வருவோம். பிப்ரவரியில் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'லால் சலாம்' வந்தது. ரஜினிகாந்த் மொய்தீன் பாயாக நடித்தார். மத நல்லிணக்கம் என்னும் நல்ல நோக்கத்தைத் தவிர அப்படத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. மொய்தீன் பாய் நல்லவர், மிகவும் நல்லவர். நல்லவராக இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையே இல்லை. 'பாவமன்னிப்பு' ரஹீமிலிருந்து தொடரும் இந்த நல்ல முஸ்லிம், 'ரோஜா'வுக்குப் பின் பெருகிய தீய முஸ்லிமின் மறுபக்கமே. இருவருமே நம் தெருவில் வசிப்பவர்கள் அல்லர்.

ஆனால் அந்தப் படத்தின் ஒரு பாடல் வேறு வகையில் முக்கியமானது. மறைந்த பாடகர்களான ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் அதில் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று உரிய தொகையும் அளித்ததாக அவர் அறிவித்தார். அவ்வகையில் குறை சொல்ல இடமில்லை. 1997இல் விபத்தில் மறைந்த ஷாகுல் ஹமீதின் குரல் என் தலைமுறைக்கு நெருக்கமானது. 1993இல் வந்த 'திருடா திருடா' படத்தில், வாத்தியங்களைப் பெரும்பாலும் விலக்கிவிட்டு மனிதக் குரல்களாலேயே கட்டப்பட்ட ஒரு பாடலை அவர் பாடினார். அதில் மூச்சு வாங்கும் இடங்கள்கூட இசையாகவே கேட்கும். புதிய பாடலில் குரலின் நிறம் அப்படியே இருக்கிறது, மூச்சுதான் இல்லை. ஒரு சொல்லை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று பாடுபவர் அந்த நொடியில் எடுக்கும் முடிவு அதில் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு கேட்டதால் எனக்கு அப்படித் தோன்றியதா என்று ஐயுற்று, செய்தி அறியாத என் மகளிடம் போட்டுக் காட்டினேன். 'நல்லாத்தான் இருக்கு வாப்பா, யாரு இது?' என்றாள். அவளுக்குப் பழைய பாடலையும் போட்டேன். அதன்பின் அன்று மாலை முழுவதும் பழைய பாடலே வீட்டில் ஓடியது.

தீபாவளிக்கு 'அமரன்'. 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை ராஜ்குமார் பெரியசாமி படமாக்கினார். இப்படத்துக்கு எதிராக முஸ்லிம் அமைப்புகள் சில போராடின. எங்கள் ஊரிலும் துண்டறிக்கை வந்தது. தந்தவரிடம் படம் பார்த்தீர்களா என்றேன், இல்லை என்றார். நான் பார்த்தேன். சாய் பல்லவியின் நடிப்பில் ஒரு பெண்ணின் காத்திருப்பு இவ்வளவு அடங்கிய தொனியில் தமிழில் அண்மையில் வந்ததாக நினைவில்லை. இறுதிப் பகுதியில் அரங்கில் பலர் அழுதார்கள், நானும் அழுதேன். படத்தின் குறை அவமதிப்பு என்பதைவிட ஆழமானது. முகுந்துக்குக் காதலும் தாயும் கோபமும் குறும்பும் உண்டு. காஷ்மீரி எவருக்கும் அத்தகைய முழுமை வாய்க்கவில்லை. அவர்கள் கல்லெறிவோராகவோ ஐயத்துக்குரியோராகவோ தகவல் தருவோராகவோ மட்டும் வந்துபோகிறார்கள். படையினரின் போர்முழக்கம் குறித்துச் சிலர் சினந்தனர். அது ராஜபுத்திரப் படைப்பிரிவின் மரபு முழக்கம், அதைக் காட்டியது பிழையன்று. எதிரே நிற்கும் கூட்டத்துக்குக் குரலே தராததுதான் பிழை. இதைச் சொல்ல ஒரு நல்ல விமர்சனம் போதும். நவம்பரில் மேலப்பாளையத்தில் இப்படம் ஓடிய திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அதன்பின் படத்தின் குறையை எங்கே பேசுவது? பேசியிருக்கவேண்டியவர் வாயெல்லாம் அந்தக் குண்டோடு அடைபட்டுப்போயின.

ஆண்டின் சிறந்த படமாக நான் கருதுவது பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்'. மே மாதம் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற இப்படம் எங்கள் பக்கத் திரையரங்குகளுக்கு வரவில்லை. ஆண்டு கழிந்தபின் வீட்டுத் திரையில்தான் பார்த்தேன். மும்பையில் செவிலியாகப் பணிபுரியும் அனு என்னும் மலையாள இந்துப் பெண், ஷியாஸ் என்னும் முஸ்லிம் இளைஞனை விரும்புகிறாள். அவன் வீட்டார் ஊரிலில்லாத நாளில் அவனைச் சந்திக்கப் புர்கா வாங்கி அணிந்து செல்கிறாள். மழையால் ரயில்கள் நின்று திட்டம் குலைகிறது. இப்படி ஒரு காட்சியைக் கேள்விப்பட்டாலே நம்மில் பலர் முகம் சுளிப்பர். மணவாழ்வுக்கு வெளியிலான அவர்களின் உறவை நம் மார்க்கம் ஏற்காது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஷியாஸை அந்தக் கேமரா பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். கூச்சமுள்ள, சிரிக்கத் தெரிந்த, பணமில்லாத ஒரு பையன். அவன் எதற்கும் சான்றாக நிறுத்தப்படவில்லை. நல்லிணக்கத்தின் தூதனும் அல்லன், ஆபத்தும் அல்லன். முப்பதாண்டுகளாகத் தமிழ்த் திரையில் நான் தேடிய முஸ்லிம் இளைஞன் மலையாளம் பேசிக்கொண்டு மும்பையில் அகப்பட்டான்.

கண்காட்சிகளைப் பொறுத்தவரை என் ஆண்டு வறியது. குறிப்பிடத்தக்கது ஒன்றே. கைவினைக் கண்காட்சி ஒன்றில் பத்தமடைப் பாய் ஒன்றின் முன் நெடுநேரம் நின்றேன். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, உலர்த்திச் சாயமேற்றி, பட்டுபோல் மடியுமளவுக்கு நுணுக்கமாக நெய்வார்கள். தலைமுறை தலைமுறையாக இதை நெய்துவருவோர் நம் லெப்பைக் குடும்பத்தினர், அவர்களிலும் பெண்களே மிகுதி. உருவங்களை விலக்கிக் கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் நம்பிய வடிவ உணர்வு அப்பாயில் தெளிவாக இருந்தது: ஓரத்துச் சிவப்புப் பட்டை நடுவெளியைத் தொடாமல் நின்ற விதம், அந்த நடுவெளி வெறுமையாக விடப்பட்ட துணிவு. பக்கத்து அரங்கில் ஓவியங்களின் கீழே வரைந்தவர் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் இருந்தன. பாயின் கீழே விலை மட்டும் இருந்தது. நெய்தவர் யார் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அப்படி ஒருவர் கேட்டதும் இல்லையாம்.

டிசம்பர் 25 இரவு ஹனீபாவின் பழைய ஒலிநாடாக்களை எடுத்தேன். அவரை நாம் மறக்கவில்லை. ஆனால் அவரையும் நாம் கேட்பதில்லை என்பது அன்று புரிந்தது. பெருநாள் காலையிலும் திருமண வீட்டிலும் அவர் குரல் பின்னணியாக ஓடிக்கொண்டிருக்கும்; நாம் அதன் மேல் பேசிக்கொண்டிருப்போம். அன்று விளக்கணைத்து உட்கார்ந்து கேட்டபோதுதான், உச்சியில் நின்றபடியே ஒரு சொல்லின் மெய்யெழுத்தைச் சிதையாமல் உச்சரிக்கும் அவருடைய கணக்கு தெரிந்தது. 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியபோதும் அந்தக் குரல் தனித்தே நிற்கிறது. முறையான சங்கீதப் பயிற்சி பெறாத தொண்டை அது. தரமான ஒலிப்பெருக்கி அமையாத அரசியல் மேடைகளில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்ற தேவையே அதற்கு ஆசான். நாடாவின் இரண்டாம் பக்கத்தில் சுருதிப்பெட்டியின் ஓசை சற்று முன்னால் வந்து, அவர் அதற்கேற்பக் குரலை ஒரு நூலளவு தாழ்த்தும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். நாடாவின் உறையில் பாடலாசிரியர் பெயர் இருந்தது. உடன் வாசித்தவர்களின் பெயர் எதுவும் இல்லை.